கணிப்பொறியின் மூளை: பழையதும் புதியதும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம். வங்கி, மருத்துவமனை, நியாயவிலைக் கடை என்று எங்கு நோக்கினும் கணிப்பொறியின் ஆட்சியே. நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியும் ஒரு கணிப்பொறிதான். இவை அனைத்திற்கும் மூளையாக விளங்குவது 'பிராசசர்' எனப்படும் நுண்செயலி. பழைய நுண்செயலியைவிடப் புதியது எவ்வளவு வேகமானது? அந்த வேகத்தை எதைக்கொண்டு அளப்பது? இவ்வினாக்கள் எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை. என் தந்தையின் கூலிப் பணத்திலிருந்து எழுந்தன.

என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் முதலாண்டு சேர்ந்தபோது, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எனக்குப் பழைய கணிப்பொறி ஒன்று வாங்கித் தர அவர் விரும்பினார். இருவரும் பக்கத்து நகரில் ஒரு கடைக்குச் சென்றோம். ஒரே விலையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றின்மேல் 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றும், மற்றதன்மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் முதல் பெட்டியைத் தட்டிக் காட்டி, "இதுதாங்க வேகம், நம்பரைப் பாருங்க" என்றார். தந்தை என் பக்கம் திரும்பி, "நீதான் படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்றார். பெரிய எண் என்றால் பெரிய வேகம் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். அது தவறு. ஏன் தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துடிப்பு வேறு, வேலை வேறு

நுண்செயலியின் உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. வினாடிக்குப் பத்து லட்சம் முறை துடித்தால் அது ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடி முறை துடித்தால் ஒரு கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பிலும் வேலை ஒரு படி முன்னேறுகிறது. ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை.

வீட்டுக்குக் கூரை ஒட்டும் நாளை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கான்கிரீட் மேலே போகும்? எத்தனை சட்டி போகிறது என்பதோடு, ஒவ்வொரு சட்டியிலும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பெருக்கினால்தான் விடை கிடைக்கும். நுண்செயலியும் அப்படியே. துடிப்பின் எண்ணிக்கையை, ஒரு துடிப்பில் முடியும் ஆணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே அதன் உண்மையான வேகம்.

வளர்ந்த வரலாறு

1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1978-இல் வந்த 8086-இல் அந்த எண்ணிக்கை 29,000 ஆயிற்று. தொடக்கத்தில் அதன் துடிப்பு 5 மெகாஹெர்ட்ஸ். அதற்குள்ளேயே இருக்கும் இரண்டு எண்களைக் கூட்ட அதற்கு 3 துடிப்புகள் வேண்டும். பெருக்குவதற்கோ நூறு துடிப்புகளுக்கும் மேல் தேவைப்பட்டன.

1993-இல் பென்டியம் வந்தது. அதில் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ் வரை. துடிப்பை மட்டும் பார்த்தால் 8086-ஐவிட இது 13 மடங்கு வேகம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் பென்டியம், ஏற்ற சூழலில், ஒரே துடிப்பில் இரண்டு கூட்டல்களை முடித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8086 வினாடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் கூட்டல் செய்தது. பென்டியம் 13 கோடியே 20 லட்சம் வரை செய்ய வல்லது. வேறுபாடு ஏறக்குறைய 80 மடங்கு! துடிப்பு 13 மடங்குதான் உயர்ந்தது. மீதி உயர்வெல்லாம் சட்டி பெரிதானதால் வந்தது.

பெரிய எண்ணின் தோல்வி

2000-ஆம் ஆண்டில் பென்டியம் 4 வெளிவந்தது. துடிப்பை உயர்த்துவதே அதன் குறிக்கோள். அதற்காக ஒவ்வோர் ஆணையையும் 20 சிறு படிகளாகப் பிரித்தார்கள். 2004-இல் வந்த அதன் புதிய வடிவத்தில் அந்தப் படிகள் 31 ஆயின. படி சிறிதானால் ஒவ்வொன்றும் விரைவில் முடியும், துடிப்பை உயர்த்தலாம். அவ்வாறே 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தினார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நிரலில் 'இப்படியானால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று அடிக்கடி வரும். எந்த வழி என்று தெரியும் முன்பே நுண்செயலி ஒன்றை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தவறினால் பாதி வழியில் இருக்கும் வேலையை எல்லாம் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சட்டி கைமாற்றும் வரிசையில் 14 பேர் நின்றால் இழப்பு சிறிது. 31 பேர் நின்றால் இழப்பு பெரிது. மேலும், துடிப்பு உயர உயர வெப்பமும் உயர்ந்தது. அந்த வகையில் சில நுண்செயலிகளுக்கு 115 வாட் வரை வெப்பத்தை வெளியேற்ற ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்ற திட்டத்தை 2004 அக்டோபரில் அந்நிறுவனமே கைவிட்டது.

2006-இல் கோர் 2 டியோ வந்தது. அதன் ஒரு வடிவத்தின் துடிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் 14 படிகள். ஒரே துடிப்பில் நான்கு ஆணைகள் வரை எடுத்து நடத்தும் திறன். ஒன்றுக்கு இரண்டாகச் செயற்கருக்கள். வெப்ப அளவோ 65 வாட். எண்ணில் சிறிய இது, எண்ணில் பெரிய பென்டியம் 4-ஐ வேலையில் வென்றது. 2020-இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 நுண்செயலியின் உச்சத் துடிப்பு 3.2 கிகாஹெர்ட்ஸ். 16 ஆண்டுகளுக்கு முந்தைய பென்டியம் 4-இன் உச்சத்தைவிட இது குறைவு. அதில் இருப்பவையோ 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள்! வேகத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை.

செயற்கருக்களும் நினைவகமும்

அப்படியானால் செயற்கருக்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கலாமா? அதிலும் கவனம் தேவை. ஒரு வேலையில் கால் பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை செயற்கருக்களை வைத்தாலும் அந்த வேலை 4 மடங்குக்கு மேல் விரைவு பெறாது. இது 1967-இல் ஆம்டால் என்னும் அறிஞர் எடுத்துரைத்த கருத்திலிருந்து பிறந்த விதி.

நினைவகத்தையும் மறக்கக் கூடாது. முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண் வந்து சேர்வதற்குள் இன்றைய நுண்செயலியில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகக் கூடும். மணல் லாரி வராமல் கொத்தனார் கைகட்டி நிற்பது போன்றது இது. இதைத் தவிர்க்கவே 'கேஷ்' என்னும் சிறிய, விரைவான நினைவகத்தை நுண்செயலிக்குள்ளேயே அமைக்கிறார்கள்.

எப்படி ஒப்பிடுவது?

வழி எளிது. ஒரே வேலையை இரண்டிடமும் கொடுத்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறிக்க வேண்டும். 1988-இல் தோன்றிய ஸ்பெக் என்னும் அமைப்பு இதற்கென்றே பொதுவான நிரல்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.

அச்சோதனையை நானும் செய்து பார்த்தேன். நாங்கள் விட்டுவந்த 2.4 பெட்டியை மறுவாரம் வாங்கியவர் என் வகுப்பு நண்பரே! பல லட்சம் எண்களை வரிசைப்படுத்தும் ஒரு சி மொழி நிரலை எழுதி, இரண்டு பெட்டிகளிலும் ஓட்டினோம். வரிசைப்படுத்தலில் 'இதுவா, அதுவா' என்னும் முடிவுகள் ஏராளம்; ஊகங்கள் அடிக்கடி தவறும். நண்பரின் பெட்டி முடித்து ஓய்ந்த பின்னும் என் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றிரவு தந்தையிடம் சொன்னேன். "தப்பா வாங்கிட்டோமா?" என்று கேட்டார். கூரை ஒட்டும் வரிசையைச் சொல்லியே விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சட்டி நிறையாம கை மட்டும் ஓடினா என்ன பிரயோசனம்? இது எனக்குத் தெரிஞ்ச கணக்குதானே" என்றார். அவர் அறிந்த கணக்குத்தான். கடையில் கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் கேட்டறிய ஆள் இல்லை. கடையில் நிற்கும்போது 'படித்த பிள்ளை' நாம் ஒருவரே. ஆகவே எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். நுண்செயலியின் முழுப் பெயரையும் அது வெளிவந்த ஆண்டையும் கேளுங்கள். செயற்கரு எத்தனை, நினைவகம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய வேலையை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கூச்சம் வேண்டாம். பணம் நம் பெற்றோரின் வியர்வை.

இக்கட்டுரையை நான் தட்டச்சு செய்ததும் அதே 3.2 பெட்டியில்தான். இந்த வேலைக்கு அது போதும்.