பரிசல் துறையில் முடியும் நெடுஞ்சாலை

சனிக்கிழமை விடியற்காலை. இரவு ஷிஃப்ட் முடித்த தொழிலாளர்கள் பீன்யாவின் டீக்கடைகளை மொய்க்கிறார்கள். ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று இது. அவர்களைக் கடந்து துமகூரு சாலையில் வடக்கே பறக்கின்றன ஹம்பி செல்லும் கார்கள். துங்கபத்திரைக் கரைக்கு இன்னும் சுமார் 340 கி.மீ.

துமகூருவைத் தாண்டினால் சிரா. முகலாயர் காலத்தில் ஒரு மாகாணத்தின் தலைநகர். இன்று பஸ்கள் நின்று போகும் சிற்றூர். ஹிரியூரில் ஓர் ஆறு எதிர்ப்படுகிறது. துங்கபத்திரையில் போய்ச் சேரும் வேதாவதி அது. மைசூர் மன்னர்கள் 1907இல் இதன் குறுக்கே கட்டி முடித்த வாணி விலாச சாகர் அணை, 1933க்குப் பிறகு 2022இல்தான் நிரம்பி வழிந்தது. வறண்ட பூமி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது சித்ரதுர்கா. ஏழு சுற்று மதில் கொண்ட இந்தக் கோட்டையை 1779இல் ஹைதர் அலி பிடித்தார். பாறை இடுக்கு வழியே ஊர்ந்து வந்த எதிரிகளை உலக்கையால் அடித்துக் கொன்ற ஓபவ்வாவின் கதையைத்தான் ஊர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹொஸபேட்டேயில் துங்கபத்திரை அணை. 2024 ஆகஸ்டில் ஓர் இரவு சங்கிலி அறுந்து 19ஆவது மதகு அடித்துச் செல்லப்பட, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா விவசாயிகள் திகைத்துப்போனார்கள். ஒரு வாரத்தில், ஓடும் நீரிலேயே தற்காலிகத் தடுப்பு பொருத்தப்பட்டது.

அங்கிருந்து ஹம்பி கூப்பிடு தூரம். பூகம்பம் உருட்டிப் போட்டதுபோலத் தெரியும் பாறைகள் உண்மையில் இருந்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் விரிசல் விட்டு உருண்டையானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அவற்றையே அரணாக்கி எழுந்தது விஜயநகரம். மதுரையையும் தஞ்சையையும் நாயக்கர்கள் ஆண்டது இந்தத் தலைநகரின் பிரதிநிதிகளாகத்தான். 1565இல் எல்லாம் முடிந்தது.

எதிர்க்கரையில் ஆனெகுந்தி. அங்கேதான் சிக்கல். வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சுற்று வழிதான். பாலம் கேட்டார்கள் கிராமத்தார். வேலை தொடங்கியது. நினைவுச்சின்னங்களுக்கு நடுவே லாரிகள் ஓடுமே என்று கவலைப்பட்ட யுனெஸ்கோ, 1999இல் ஹம்பியை அபாயப் பட்டியலில் சேர்த்தது, 2006இல்தான் நீக்கியது. 2009 ஜனவரியில், முடியும் தறுவாயில் இருந்த பாலம் இடிந்து தொழிலாளர்கள் பலியானார்கள். வாகனப் பாலம் பிறகு கீழ்ப்புறம் புக்கசாகராவில் வந்தது.

1520களில் இங்கே வந்த போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், கூடை போன்ற வட்டப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை எழுதிவைத்திருக்கிறார். பீன்யாவிலிருந்து வருகிறவருக்குப் பரிசல் சவாரி ஒரு மணி நேர உல்லாசம். அக்கரைக்காரருக்கு அது அன்றாடப் பாடாக இருந்தது. ஆற்றின் நடுவே இன்னும் நிற்கின்றன, விஜயநகரத்தார் எழுப்பிய பாலத்தின் கல்தூண்கள். பாலத்தின் தேவையை அவர்களும் உணர்ந்தே இருந்தார்கள்.