உடும்புக்குப் பாடம் எடுத்த பாம்பு விஞ்ஞானி!

கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்கும் என்று நம்பி, 1935-ல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை கரும்புத் தேரைகள். வண்டு ஒழியவில்லை, தேரைதான் வடக்கு முழுக்கப் பரவியது. அதன் உடம்பெல்லாம் விஷம். கவ்விய உடும்பும் பாம்பும் செத்து விழுந்தன.

டார்வின் நகருக்கு அருகே ஃபாக் அணைப் பகுதியில் பல வருஷமாகப் பாம்புகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் ரிக் ஷைன். 2005-ல் தேரைகள் அங்கேயும் வந்து சேர்ந்தன. வேறொருவர் என்றால் நொந்துபோய் மூட்டை கட்டியிருப்பார். இவரோ தேரையையே ஆராய ஆரம்பித்துவிட்டார்!

முன்னணியில் வரும் தேரைகளுக்குக் கால் நீளம், அதனால்தான் இத்தனை வேகம் என்று 2006-ல் அவரது குழு கண்டறிந்தது. புது ஊருக்குள் முதலில் நுழைவதும் பெரிய தேரைகள்தான். அதை விழுங்கும் உடும்புக்குக் கதை முடிந்தது. சரி, குட்டித் தேரையை விழுங்கினால்? குமட்டும், ஆனால் உயிர் போகாது. பட்ட பாடும் மறக்காது.

இதை வைத்துத்தான் கிம்பர்லி பகுதியில் ஒரு சோதனை நடந்தது. முன்னின்று நடத்தியவர் குழுவைச் சேர்ந்த ஜார்ஜியா வார்ட்-ஃபியர். பழங்குடி வனக் காவலர்களும் கூட நின்றார்கள். பெரிய தேரைகள் வருமுன்பே காட்டு உடும்புகளுக்குக் குட்டித் தேரைகளைத் தின்னக் கொடுத்தார்கள். ஒருமுறை குமட்டிப்போன உடும்பு அடுத்த தேரையைக் கண்டால் ஒதுங்கிப் போனது. பாடம் படிக்காத உடும்புகளைவிட இவை நீண்ட நாள் பிழைத்திருந்தன.