பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மின்சாரக் கம்பியைத் தாங்கும் பீங்கான் சாமான் எல்லாம் இந்த ஊரில் செய்கிறார்கள்.

பீங்கான் தொழிலில் பெண்களும் வேலை பார்க்கிறார்கள். காலையில் போனால் மாலையில்தான் வீடு திரும்ப முடியும். அப்படி வேலைக்குப் போகும் ஒரு தாய், தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் தெருமுனையில் இருந்தால் கவலை இல்லை. பையன் கூட்டாளிகளோடு நடந்து போய்விடுவான். வெகு தூரத்தில் இருந்தால்? யாராவது கொண்டுபோய் விடவேண்டும். மறுபடி அழைத்து வரவேண்டும். அன்றாடக் கூலியில் மண் விழும். ஏழை வீட்டில் படிப்புக்கு முதல் தடை, தூரம்தான்!

ஒரு மைல் திட்டம்

இதை நன்றாக அறிந்தவர் காமராஜர். 1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி ஆனார். 300 பேர் வாழும் சிற்றூருக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி வேண்டும், சின்னஞ்சிறு பிள்ளைகள் ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்று திட்டம் போட்டார். கல்வி இயக்குனர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். 1956-ம் ஆண்டில் மதிய உணவும் வந்தது.

அதே 1954-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். டொபீகா என்ற நகரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி இருந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி இருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்! அவள் ரெயில் பாதைகளைத் தாண்டி நடந்து, பஸ் பிடித்து, தூரத்துப் பள்ளிக்குப் போனாள். இப்படி நிறத்தால் பிரிப்பது சட்டத்துக்கு விரோதம் என்று மே 17-ந் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

ஆக, பள்ளிக்கு எல்லை வகுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பள்ளியைப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டு வருவது. மற்றொன்று, பிள்ளையை வாசலில் தடுப்பது.

இன்றைய சட்டம்

நம் நாட்டில் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. இது 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கவேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். இது சர்க்காரின் பொறுப்பு.

பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களும் அஞ்ச வேண்டாம். பிறப்புச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. சர்க்கார் பள்ளியில் சேரும்போது, பழைய பள்ளியின் டி.சி. வரத் தாமதம் என்று காரணம் சொல்லவும் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் இடம் தரவேண்டும்.

தடுக்கும் எல்லை

அதே சட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு. தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் ஒதுக்கவேண்டும். கட்டணத்தைச் சர்க்கார் செலுத்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். வீடு, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும்.

இங்கேதான் சிக்கல்! தனியார் பள்ளிகள் பெரும்பாலும் டவுனில் இருக்கின்றன. டவுனில் குடியிருக்கும் ஏழை மனுப் போடலாம். சுற்றுக் கிராமத்தில் இருக்கும் ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருவருக்கும் வறுமை ஒன்றுதான். வீடு இருக்கும் இடம் மட்டும் வேறு!

மராட்டிய மாநிலம் 2024-ல் வேறு விதமாகக் கோடு போட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் சர்க்கார் பள்ளி இருந்தால், தனியார் பள்ளி ஏழைகளுக்கு இடம் தரவேண்டியதில்லை என்றது. பம்பாய் ஐகோர்ட்டு அதை அதே ஆண்டில் ரத்து செய்தது.

பச்சைக் குழந்தையை வெகு தூரம் வேனில் அனுப்புவது நல்லதல்ல என்பது உண்மைதான். ஆனால் அருகில் உள்ளவர்களுக்குப் போக இடம் மிஞ்சினால், அது தூரத்து ஏழைக்குக் கிடைப்பதே நியாயம். கிராமத்துப் பிள்ளைக்குச் சர்க்கார் பள்ளிதான் துணை. அங்கே போதிய வாத்தியாரும் நல்ல கட்டடமும் இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

தாய்மார்களே, பேசுங்கள்!

சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். காகிதத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது, குறுக்கே மணிமுத்தாறோ ரெயில் பாதையோ வந்தால் நடக்கும்போது நீண்டுவிடும். அதை அந்தக் குழுவில் எடுத்துச் சொல்லுங்கள்.

இருப்பிடச் சான்றையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 2025-ல் 25 சதவீத இடங்களுக்கான அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. அறிவிப்பு எப்போது வந்தாலும் காகிதங்கள் கையில் இருக்கட்டும்.