சொக்கலிங்கத்தின் மகள்

சென்ற வார நிகழ்ச்சியில் யுவெட் லீ பௌசர் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சிறிது பேசினேன். நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 1993ஆம் ஆண்டில் 'லிவிங் சிங்கிள்' என்ற நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர் அவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில், அதிகம் பேர் பார்க்கும் முன்னிரவு நேரத்துக்கென ஒரு தொடரைத் தாமே படைத்து வெற்றியும் கண்ட முதலாவது கறுப்பினப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் ஆறு இளம் கறுப்பின நண்பர்களின் கதை அது. ஐந்து பருவங்கள், 118 அங்கங்கள். உலகமெங்கும் பேசப்பட்ட 'பிரண்ட்ஸ்' தொடர் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

இதைக் கேட்ட கொட்டாஞ்சேனை நேயர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "கறுப்பினப் பெண்களைப் பற்றிச் சொன்னீர்கள், நல்லது. நம்மவர்களில் அப்படி ஒருவரும் இல்லையா? ஒருத்தி இருக்கிறாளாம், ஆனால் தகப்பன் பெயரைப் பாதியாக வெட்டி எறிந்தவளாம். அவளையும் நம் கணக்கில் சேர்ப்பீர்களோ?" என்று கேட்கிறார். கடிதத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. கோபப்படும் நேயர்களை எனக்குப் பிடிக்கும். நிகழ்ச்சியைக் கவனமாகக் கேட்கிறார்கள் என்று பொருள்.

அவர் குறிப்பிடுபவர் மின்டி கேலிங். முழுப்பெயர் வேரா மின்டி சொக்கலிங்கம். 1979ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாயார் வங்காளி, மகப்பேற்று மருத்துவர். இருவரும் சந்தித்தது நைஜீரியாவில். தாயார் கடமையாற்றிய மருத்துவமனையில் ஒரு பகுதியைக் கட்டும் பணியில் தந்தை இருந்தார். மகள் பிறந்த ஆண்டிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத வீட்டில் ஆங்கிலமே பொதுமொழியாயிற்று. 'மின்டி' என்ற பெயர் வந்த கதை வேடிக்கையானது. அப்போது ஒளிபரப்பான 'மோர்க் அன்ட் மின்டி' என்ற அமெரிக்கத் தொடரின் பாத்திரப் பெயரைத்தான் பெற்றோர் மகளுக்குச் சூட்டினார்கள். தொலைக்காட்சி வைத்த பெயர் என்றே சொல்லலாம்.

சொக்கலிங்கம் எப்படிக் கேலிங் ஆனது? டார்ட்மத் கல்லூரியில் நாடக எழுத்துப் பயின்று 2001இல் வெளியேறிய இவர், நியூயோர்க்கில் மேடையேறித் தனித்து நகைச்சுவை சொல்லி வந்தார். அறிமுகப்படுத்துகிறவர்களின் வாயில் 'சொக்கலிங்கம்' நுழையவில்லை. இவர் மேடைக்கு வருமுன்பே அந்தப் பெயரை வைத்து அவர்கள் கேலி செய்து சபையைச் சிரிக்க வைத்துவிடுவார்கள். தம்முடைய சிரிப்பைத் தாமே விளைவிக்க வந்தவர், தம் பெயரைப் பிறர் சிரிப்புக்குக் கொடுக்க விரும்பவில்லை. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

இதற்காக அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தொலைக்காட்சி நாடகப் பிரதி எழுதினேன். ஜிந்துப்பிட்டிப் பக்கத்துத் தாய் ஒருத்தி, அந்தத் தெருவின் பேச்சிலேயே பேசுவாள். தயாரித்தவர்கள், இந்தப் பேச்சு எல்லாருக்கும் விளங்காது என்று சொல்லி அதை எங்கும் எவரும் பேசாத ஒரு தமிழாக மாற்றினார்கள். நானும் தலையாட்டினேன். நாடகம் ஒளிபரப்பான இரவு என் மனைவி, "இது யார் வீட்டுப் பொம்பிளை?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. 1983 ஜூலையில் எங்கள் வெள்ளவத்தைப் பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டு வெளியே இறங்கிய நாட்களைக் கண்டவர்கள் நாம். அது உயிருக்காக, இது தொழிலுக்காக. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அடையாளத்தைச் சுருக்கிக் கொள்வதென்றால் என்னவென்று நமக்குத் தெரியும்.

இனி அவர் தொழிலுக்கு வருவோம். 2002இல் தோழி ஒருவருடன் சேர்ந்து 'மட் அன்ட் பென்' என்ற சிறு நாடகத்தை எழுதினார். ஹொலிவூட் நடிகர்கள் மட் டேமன், பென் அஃப்லெக் ஆகிய இருவரையும் கேலி செய்வது. அதில் கேலிங் ஆணுடையில் பென் அஃப்லெக்காக நடித்தார். அந்த நாடகம் தயாரிப்பாளர் கிரெக் டானியல்ஸின் கவனத்தை ஈர்த்தது. பிரித்தானியத் தொடரான 'த ஒஃபிஸ்' என்பதை அமெரிக்காவுக்கு ஏற்ப அவர் மாற்றிக் கொண்டிருந்த வேளை அது. 24 வயதில் கேலிங் அதன் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். எட்டுப் பேரில் ஒரே பெண். வெள்ளையரல்லாதவரும் அவர் ஒருவரே.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நமது நாட்டில் தொலைக்காட்சி நாடகம் என்றால் நெறியாளர் யார் என்றுதான் முதலில் கேட்போம். அமெரிக்காவில் தொடர் எழுத்தாளருடையது. கருவையும் பாத்திரங்களையும் வகுத்து முதலாவது பிரதியை எழுதுகிறவரே அதன் 'படைப்பாளர்'. பின்னர் எட்டுப் பத்து எழுத்தாளர்கள் ஓர் அறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து, நாள் முழுதும் வாதாடி ஒவ்வோர் அங்கத்தையும் கட்டுவார்கள். நெறியாளர்கள் அங்கத்துக்கு அங்கம் மாறுவார்கள். எந்தச் சிரிப்பு நிற்கும், எந்தப் பாத்திரம் முட்டாளாகும், யார் வீட்டுச் சமையலைக் கேலி செய்யலாம் என்பதெல்லாம் அந்த மேசையிலேயே தீர்மானமாகிவிடும். திரையில் ஒரு கறுத்த முகமோ மாநிற முகமோ தெரிவது பெரிய காரியமல்ல. மேசையில் யார் இருக்கிறார் என்பதே காரியம். பௌசரும் அப்படியொரு மேசையின் கடைக்கோடியிலிருந்து, 'ஏ டிஃபரன்ட் வேர்ல்ட்' என்ற தொடரில், தொடங்கியவர்தான். 'த ஒஃபிஸ்' ஆரம்பமான அதே 2005 மார்ச் மாதத்தின் அதே வாரத்தில்தான் ஷொண்டா ரைம்ஸ் என்ற மற்றொரு கறுப்பினப் பெண் படைத்த 'கிரேஸ் அனற்றமி' மருத்துவத் தொடரும் ஆரம்பமானது.

கேலிங்கின் இருக்கையில் ஒரு முள் இருந்தது. ஒளிபரப்பு நிறுவனம் சிறுபான்மை இன எழுத்தாளர்களுக்கென வைத்திருந்த திட்டத்தின் கீழ் அவருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. அதாவது தொடரின் கணக்கில் அவருக்குச் செலவில்லை. அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரியும். வெகுகாலம் அதை எண்ணிக் கூச்சப்பட்டதாகப் பின்னாளில் அவரே கூறினார். மற்றவர்களுக்கு அறிமுகங்களால் திறந்த கதவு தமக்கு அந்தத் திட்டத்தால் திறந்தது, அவ்வளவுதான் என்று பிறகு தெளிந்தார். அத்தொடருக்கு இருபதுக்கும் மேற்பட்ட அங்கங்களை எழுதினார். கெலி கபூர் என்ற வாயாடிப் பெண்ணாக நடித்தும் வந்தார். 2010இல் 'நயாகரா' என்ற அங்கத்துக்காக டானியல்ஸுடன் சேர்ந்து எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நகைச்சுவை எழுத்துப் பிரிவில் அந்த இடத்தை எட்டிய முதலாவது வெள்ளையரல்லாத பெண் இவரே.

தொடர் விருதுப் பட்டியலில் வந்தபோது, தயாரிப்பாளர்கள் அதிகம் என்று கூறித் தம் பெயரை மட்டும் நீக்க முயன்றார்கள் என்றும், தமது பங்களிப்பை நிரூபிக்க ஆண் தயாரிப்பாளர்களிடம் கடிதம் வாங்க வேண்டியிருந்தது என்றும் 2019இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். எவரையும் தனியாகக் குறிவைக்கவில்லை என்று விருதுக் கழகம் பதிலளித்தது. உடன் எழுதியவர்களின் சான்றுக் கடிதம்! வாசிக்கும்போது எனக்கு நம் நாட்டுக் கந்தோர்கள் நினைவுக்கு வந்தன.

2006இல் அவர் எழுதிய 'தீபாவளி' என்ற அங்கத்தைக் கிடைத்தால் பாருங்கள். கெலியின் பெற்றோராக வருபவர்கள் கேலிங்கின் சொந்தப் பெற்றோரே. தமிழரான சொக்கலிங்கம் திரையில் கபூர் ஆகிறார். வட இந்தியப் பெயர். அமெரிக்கப் பார்வையாளருக்கு இந்தியர் என்றால் அது போதும் என்று நினைத்த காலம்.

2012இல் சொந்தத் தொடர் வந்தது: 'த மின்டி புரொஜெக்ட்'. படைத்தவர், எழுதியவர், நாயகி எல்லாம் அவரே. 117 அங்கங்கள், ஆறு பருவங்கள். முதல் நிறுவனம் மூன்று பருவங்களுடன் கைவிட, இணையவழி நிறுவனம் ஒன்று எடுத்து 2017 வரை நடத்தியது. நாயகி மின்டி லஹிரி ஒரு மகப்பேற்று மருத்துவர். தாயின் தொழில், குடும்பப் பெயரும் வங்காளப் பெயர். அந்தத் தாயார் அதே 2012 ஜனவரியில் கணையப் புற்றுநோயால் காலமானார். மகள் படைத்த மருத்துவரை அவர் திரையில் காணவில்லை.

கண்டனங்களும் வந்தன. நாயகியின் காதலர்கள் எல்லோரும் வெள்ளையர்களாக இருப்பது ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளையர் எழுதிய நூறு தொடர்களில் எவரிடமும் கேட்காத கணக்கை, தனியாய் வந்த ஒருத்தியிடம் மொத்தமாகக் கேட்டார்கள் என்பதே எனது கணிப்பு.

அடுத்ததுதான் நமக்கு நெருக்கமானது. 2020 ஏப்ரல் மாத இறுதி. கொரோனாவினால் கொழும்பில் ஊரடங்குச் சட்டம். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. வெள்ளவத்தையில் மருமகள் வீட்டில் அகப்பட்டுக்கொண்ட எனக்கு, அவளுடைய பதினைந்து வயது மகள் மடிக்கணினியில் ஒரு தொடரைக் காட்டினாள். "தாத்தா, இவ எங்கட ஆள்" என்றாள். அதுதான் 'நெவர் ஹாவ் ஐ எவர்'. லாங் ஃபிஷர் என்பவருடன் சேர்ந்து கேலிங் படைத்தது. தேவி விஸ்வகுமார் என்ற கலிபோர்னியத் தமிழ்ச் சிறுமி, வீட்டுச் சாமியறையில் நின்று, விருந்துக்கு அழைப்பு வரவேண்டும், அழகான காதலன் வேண்டும் என்று பிரார்த்திப்பதில் கதை தொடங்குகிறது. மருமகள் முகத்தைச் சுளித்தாள். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தேவியாக நடிப்பதற்குப் பகிரங்க அழைப்பு விடுத்தபோது ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன். அப்போது வயது 17. போரினால் இலங்கையை விட்டு அகதிகளாகக் கனடா சென்ற ஈழத்தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. பேத்தி "எங்கட ஆள்" என்றது இதனால்தான்.

கபூர், லஹிரி, விஸ்வகுமார். மூன்று தொடர்களில் மூன்று பெயர்கள். முதலாவது எவருடையதோ ஒரு பெயர், அடுத்தது தாய்வழி, மூன்றாவதில் தகப்பனுடைய தமிழ் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வெட்டிய பெயரை அவர் ஒட்டவில்லைத்தான். ஆனால் பத்தொன்பது, இருபது ஆண்டுகள் எடுத்து அந்தத் திசையில் நடந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கொட்டாஞ்சேனை அன்பர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

குறை சொல்லாமலும் விடமாட்டேன். அந்த வீட்டில் தமிழ் மிகக் குறைவு. தாய் நளினி மகளைக் 'கண்ணா' என்பாள். அதற்கு மேல் அதிகம் இல்லை. எங்கள் வீடுகளில் 'பிள்ளை', 'குஞ்சு', 'ராசாத்தி' என்று எத்தனை இருக்கின்றன! இந்தியாவிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அக்கா கமலாவின் ஆங்கில உச்சரிப்பு ஒட்டவில்லை என்றும் பலர் எழுதினார்கள். எனக்கும் அப்படியே பட்டது. தமிழ் தெரியாமல் வளர்ந்தவர் தமிழ் வீட்டை எழுதும்போது பேச்சுத்தான் முதலில் கைவிடுகிறது.

துக்கம் கைவிடவில்லை. தேவியின் தந்தை மோகன், மகளின் பாடசாலை இசை நிகழ்ச்சியில் மாரடைப்பால் இறந்துபோகிறார். அதன்பின் சில மாதங்கள் அந்தப் பிள்ளையின் கால்கள் செயலிழக்கின்றன. உடலில் நோய் இல்லை. மனம் நடக்க மறுக்கிறது. முதற் பருவத்தின் முடிவில் தாயும் மகளும் கமலாவும் மலிபு கடற்கரையில் தந்தையின் அஸ்தியைக் கரைக்கிறார்கள். அந்தக் காட்சியில் வீட்டில் யாரும் பேசவில்லை. மருமகளின் தகப்பன், என் மைத்துனர், ரொறன்ரோவில் காலமானவர். விசா கிடைக்காமல் அவள் போகவில்லை. சிறிது நேரத்தின்பின் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பேத்தி கணினியை நிறுத்திவிட்டு, "அம்மா, தேத்தண்ணி நான் போடுறன்" என்று பின்னால் ஓடினாள். நகைச்சுவைத் தொடர் என்று சொல்லித்தான் எனக்குக் காட்டினார்கள்.

நான்கு பருவங்கள், 40 அங்கங்களுடன் 2023 ஜூனில் அத்தொடர் நிறைவடைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பைடனிடமிருந்து கேலிங் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார்.

வாசிக்க விரும்புவோருக்கு: 2011இல் வெளிவந்த அவரது முதல் கட்டுரைத் தொகுதியின் பெயர் 'இஸ் எவ்ரிவன் ஹாங்கிங் அவுட் விதவுட் மீ?' என்பது. இளமைக் காலமும் 'த ஒஃபிஸ்' அனுபவங்களும் அதில் உள்ளன. இலகுவான ஆங்கிலம். அடுத்த வாரம் மீண்டும் கறுப்பின அமெரிக்கப் படைப்பாளிகளிடம் திரும்பி, இணையத்தில் சிறு தொடராகத் தொடங்கிப் பெரிய திரைக்குச் சென்ற இஸ்ஸா ரேயைப் பற்றிக் கவனிப்போம். கொட்டாஞ்சேனை அன்பர் மறுபடியும் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.