பாதயாத்திரையில் அடிபட்டால் மனுவை எங்கே கொடுப்பது?

புரட்டாசி பிறந்ததும் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு வடசென்னையிலிருந்தும் செங்குன்றத்திலிருந்தும் திருப்பதிக்குக் கால்நடையாகப் புறப்படும் யாத்திரிகர்கள், ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடப்புறம் திரும்பிப் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் மார்க்கமாகச் செல்வதற்கு முன்னர், கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகிற கொல்கத்தா நெடுஞ்சாலையின் ஓரமாகவே நடந்தாக வேண்டும். ஆடியில் பெரியபாளையம் பவானியம்மனையும், செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகனையும் நாடி நடப்பவர்களுக்கும் இதே சாலைதான். வெயிலுக்கு அஞ்சி விடிவதற்கு வெகுநேரம் முன்பே, கையில் ஒரு டார்ச் விளக்குமின்றி, முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலது ஓரமாக நடவுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை.

லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால், "வண்டி நம்பர் தெரியாதே, யார்மேல் வழக்குப் போடுவது? சாமி காரியத்தில் போலீஸ் எதற்கு?" என்று சொல்லி, உறவினர்கள் எழுத்தில் ஒன்றும் பெறாமல் ஊர் திரும்பிவிடுவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நம்பர் தெரியாதவர்களுக்காகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

முதலில் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அடுத்தது முதல் தகவல் அறிக்கை. "இது எங்கள் எல்லை அல்ல" என்று நிலையத்தில் சொன்னால் நகராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்றும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவு விதிக்கிறது. அப்படியும் மறுத்தால், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம் பகுதிகளாயின் திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நஷ்டஈட்டு மனு செல்ல வேண்டிய இடம் உங்கள் ஊர் அலுவலகமன்று, விபத்து நடந்த இடத்தின் வருவாய் அலுவலகம். ஜனப்பன்சத்திரத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ நடந்தால் பொன்னேரிக் கோட்டாட்சியர். பெரியபாளையமோ ஊத்துக்கோட்டையோ ஆனால் திருவள்ளூர்க் கோட்டாட்சியர். படிவம் 1-இல் மனு. பின்னர் வண்டி அகப்பட்டு வேறு நஷ்டஈடு கிடைத்தால் இத்தொகையைத் திருப்பித் தருவதாகப் படிவம் 4-இல் உறுதிமொழி. இவற்றோடு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டை, வாரிசுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். விசாரணை அறிக்கை ஒரு மாதத்துக்குள் மாவட்ட ஆட்சியரிடம் போகவேண்டும். அவர் 15 நாளில் உத்தரவிட வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறையே எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்று, கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஆணையிட்டது. அந்தக் கடிதம் தானாக வருமென்று வீட்டில் உட்கார்ந்திராதீர்கள். முப்பது நாள் கழிந்ததும் நிலையத்துக்குச் சென்று கேளுங்கள். ஆணை பிறந்த பின்னும் ஏழைகள் வாசல் வாசலாக அலைவதைப் பார்க்கையில் கோபம் அடங்குவதில்லை.

வண்டி நம்பர் தெரிந்திருந்தால் வழி வேறு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யுங்கள்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டிவிட்டால் ஆந்திரம். அங்கே விபத்து நடந்தால் மனுவும் அங்குள்ள அதிகாரியிடமே போகும். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: முதல் தகவல் அறிக்கையின் நகல் கைக்கு வராமல், எல்லைக்கு இப்பால் வண்டி ஏறாதீர்கள்.