தூங்கும் புல்லட்டை எழுப்புவோமா?

தாத்தா வீட்டுத் திண்ணையிலோ, மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ சாக்கு போட்டு மூடிய பழைய புல்லட் ஏதாவது நிற்கிறதா குட்டீஸ்? 'இனி ஓடாது, எடைக்குப் போட்டுடலாம்' என்று வீட்டில் பேச்சு அடிபடுகிறதா? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பத்து வருடம் தூங்கிய இன்ஜினைக்கூட அப்பாவோ, மாமாவோ நிதானமாக உட்கார்ந்தால் எழுப்பி விடலாம். உங்களுக்கும் அதில் வேலை உண்டு.

'புல்லட்' என்ற பெயரில் முதல் வண்டி இங்கிலாந்தில் 1932ல் வந்தது. 1955ல் 'என்பீல்டு இந்தியா' தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் சென்னை வண்டி நிற்கவில்லை. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின், 2010 வாக்கில்தான் விடைபெற்றது.

அதன் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கணக்குப் புத்தகத்தில் உருளையின் கன அளவுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள். 22/7 x 3.5 x 3.5 x 9 = 346.5 கன சென்டிமீட்டர். இதைத்தான் '350 சிசி' என்கிறோம்!

சரி, வேலைக்கு வருவோம். சாக்கை நீக்கியதும் எல்லாரும் செய்வது, கிக்கரை ஓங்கி மிதிப்பது. அதை மட்டும் செய்யவே கூடாது! நீண்ட நாள் நின்றதில் பிஸ்டன் வளையங்கள் துருவேறி, சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். பலவந்தம் செய்தால் வளையம் உடைந்து, சுவரைக் கீறிவிடும். அப்புறம் செலவு இரண்டு மடங்கு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசலோ, துரு இளக்கும் எண்ணெயோ விட வேண்டும். பிறகு... காத்திருக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் ஒரு வாரம்! தினமும் சாயங்காலம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். வண்டி பிழைக்குமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சுத்தியலை எடுத்தவர்களைவிட, பொறுமையாக எண்ணெய் விட்டவர்களே ஜெயித்திருக்கிறார்கள்.

அசைந்து விட்டதா? இனி பிரித்து மேய வேண்டியதுதான். இங்கேதான் உங்கள் வேலை ஆரம்பம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ. போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பூட்டும்போது, அந்த நோட்டுதான் அப்பாவைக் காப்பாற்றும். பெட்ரோல், டீசல் தொடும் வேலை மட்டும் பெரியவர்களுக்கு. அதையும் காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே சுவரைச் சீராகக் கடைந்து, துளையைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். அதற்கேற்ப கால் மி.மீ., அரை மி.மீ. கூடுதலான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கடையில் கிடைக்கும். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அதுவும் பட்டறை வேலைதான். வீட்டில் முயல வேண்டாம்.

பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அது குறையல்ல! சூட்டில் வளையம் விரியும். இடைவெளி இல்லாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு உடைந்துவிடும். வால்வுகளைத் திறக்கும் புஷ்ராடில் இன்னொரு வேடிக்கை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதை விரலால் உருட்டினால் சுழல வேண்டும். ஆனால், மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோலே வேண்டாம், விரலே போதும். பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் 'பாயின்ட்'டின் இடைவெளியை மட்டும் 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் அளந்துதான் வைக்க வேண்டும்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைப் பயன்படுத்தக் கூடாது. அது பிசின் போலாகி கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். இன்னொன்று, இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் கால ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. புதுக் குழாய் மாற்றுவது நல்லது.

எல்லாம் பூட்டியாச்சு. உடனே ஸ்டார்ட் செய்யலாமா? ஊஹூம்! புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமல் கிக்கரை மெதுவாகப் பலமுறை மிதித்து, எண்ணெய் உள்ளே பரவ விட வேண்டும். மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் எங்கோ அடைப்பு. அப்படியே ஓட்டினால் புது பிஸ்டனும் பாழ்!

இனி, அந்தக் கணம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால், ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, ஒரே மிதி! (இது பெரியவர்கள் வேலை. தப்பாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கால் வீங்கிவிடும்.) முதலில் இருமும், நீலப் புகை கக்கும், பிறகு நிதானமாக 'டப்... டப்... டப்...'

ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் மாமாவுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும், வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா, ஆர்.சி. காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தெருவில் இறக்க வேண்டும்.

முதல் 500 கி.மீ. வரை வேகம் கூடாது. பிறகு எண்ணெயை வடித்து மாற்றுவார்கள். அந்தப் பழைய எண்ணெயில், நூலில் கட்டிய ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் மீசைபோல மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை. வளையமும் சுவரும் ஒன்றோடொன்று பழகுகின்றன என்று அர்த்தம். துண்டு துண்டாக இரும்பு ஒட்டி வந்தால், உடனே அப்பாவைக் கூப்பிடுங்கள்!