உங்களுக்குத் தெரியுமா? பங்கு விலை அசையாமலே பணம் கரையும்!

1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு ஒன்றை 510 ரூபாய்க்குக் கொடுத்தது. அப்போது டாலர் சுமார் 80 ரூபாய். டாலரில் கணக்குப் பார்ப்பவருக்கு அந்தப் பங்கு 6.38 டாலர். 2024 டிசம்பரில் டாலர் 85 ரூபாயைத் தாண்டியது. பங்கு அதே 510இல் நின்றதாக வைத்துக்கொண்டால்கூட அவருக்குத் தேறுவது 6 டாலர்தான்! முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்கவே விலை 542 ரூபாய்க்கு ஏறியிருக்க வேண்டும். நாகலாபுரத்தில் வத்தல் விற்ற காசில் அதே பங்கை வாங்கியவருக்கு இந்த நஷ்டம் கிடையாது. அவர் போட்டதும் எடுப்பதும் ரூபாயில். ரூபாய் வலுத்தால் வெளிநாட்டவருக்குக் கூடுதல் லாபமும் உண்டு. வெளிநாட்டில் சம்பாதிக்கும் உங்கள் பிள்ளை இங்கே பங்கு வாங்கினால், டாலர் விலையையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.